பழம் பிள்ளைகளுக்கு, அண்டி மடத்துக்கு

காலை ஆறு மணி ஆனால் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ரோசாப்பூ வந்துவிடும். அதற்குக் கீழே ஒரு வாசகமும் இருக்கும். நேற்றைய வாசகம், நாம் செய்கிற சின்ன உதவி ஒருவருடைய வாழ்க்கையையே மாற்றிவிடும் என்பது. பதினேழு பேர் கும்பிட்டிருந்தீர்கள். நானும் கும்பிடத்தான் விரலைக் கொண்டுபோனேன். ஆனால் அந்த வாசகத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. யாருடைய வாழ்க்கையை என்று எழுதவில்லை. உதவி வாங்கினவளுடையதையா, செய்தவளுடையதையா என்று போட்டிருந்தால் கும்பிடுகிறவர்களுக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

என்னை உங்களுக்குத் தெரியும். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்கு விழுங்காதவர்களைக் குழுவில் வைத்தே திட்டுகிறவள். மஸ்கட்டில் முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்த திமிர் என்று நீங்கள் எனக்குப் பின்னால் சொல்லிக்கொள்வதும் எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளுங்கள். இன்று திட்டப்போவது என்னைத்தான். அதை உட்கார்ந்து கேட்கிற கடமை உங்களில் நாலைந்து பேருக்காவது இருக்கிறது. அன்று கொல்லாமரத்தடியில் நீங்களும் இருந்தீர்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து பள்ளிக்கூடம் அடைத்த கோடை அது. கன்னியர் மடத்துத் தோட்டத்தில் முப்பது நாற்பது கொல்லாமரங்கள், வெளியூர்ப் பேச்சில் முந்திரி மரங்கள், நின்றன. பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் முழுக்க ஒரு மணம் அடிக்கும், பாதி இனிப்பும் பாதி புளிப்பும், கள்ளுப்பானையைத் திறந்தது போல. மஞ்சளும் சிவப்புமாகப் பழம் உதிர்ந்து கிடக்கும். கடித்தால் சாறு முழங்கை வரைக்கும் ஓடும், தொண்டை கரகரக்கும், சட்டையில் பட்ட கறை சட்டை கிழிகிறவரைக்கும் போகாது. கறைபட்ட பாவாடைக்காக நாம் வாங்கிய அடிகளை இப்போது நினைத்தால் கூடச் சேர்ந்து சிரிக்கலாம்.

மடத்து சிஸ்டர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பழம் பிள்ளைகளுக்கு, அண்டி மடத்துக்கு. முந்திரிக்கொட்டை என்று வெளியூரில் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு பழகிவிட்டது, ஆனால் நமக்கு அது அண்டிதானே. பழத்தின் அடியில் தொங்குகிற அண்டியைத் திருகி எடுத்து, வாசலில் இருக்கிற ஓலைக் கடவப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பழத்தை வயிறு முட்டத் தின்னலாம். யாரையும் சோதித்துப் பார்த்ததில்லை. பிள்ளைகள் எடுக்காது என்று சிஸ்டர் நம்பினார்கள், பெரும்பாலும் நாமும் எடுத்ததில்லை.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் அம்மை அண்டி ஆபீசில் மேஸ்திரி. அப்பா புனலூரில் ஒரு மரக்கடையில் இருந்தார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். அதனால் வீட்டிலும் அம்மைதான் மேஸ்திரி. முந்திரி ஆலையை ஆபீஸ் என்று சொல்கிற ஊர் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஆபீசில் நாற்காலி ஒன்றோ இரண்டோதான், மற்றவர்களுக்குத் தரைதான். வறுத்த அண்டியை ஒரு பக்கம் குவித்திருப்பார்கள். பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து, கல்லில் ஒவ்வொன்றாக வைத்து மரக்கட்டையால் ஒரே தட்டு. ஓடு உடையும், பருப்பு முழுசாக வர வேண்டும். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலைத் தின்றுவிடும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். சாம்பல் எவ்வளவுதான் தாங்கும். மூன்று மாதம் உடைப்பில் உட்கார்ந்தவளுடைய விரல்கள் பத்தும் கறுத்து, வெடித்து, அடுப்பில் கிடந்த சுள்ளி மாதிரி ஆகிவிடும்.

உடைத்த பருப்பின் செம்மண் நிறத் தோலை உரிக்கிற இடம் வேறு. அதற்குப் பீலிங் என்று பெயர். வெளிச்சமான கூடம், சுத்தமான வேலை. அங்கே மாற்றிவிட்டால் ஆறு வாரத்தில் பழைய கறுத்த தோல் உரிந்து, உள்ளேயிருந்து ரோஸ் நிறத்தில் புதுக் கை வரும். கல்யாணம் பேசி வந்த பெண்ணை உடைப்பிலிருந்து எடுத்து இரண்டு மாதம் பீலிங்கில் உட்காரவைப்பது அந்த ஆபீசில் ஒரு வழக்கமாக இருந்தது. எந்தச் சட்டத்திலும் கிடையாது. மேஸ்திரி மனசு வைத்துச் செய்கிற சின்ன உபகாரம். அப்படி எத்தனையோ பெண்களை அம்மை இடம் மாற்றி இருத்தியிருக்கிறாள். கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வாள்.

அந்த வருடம் முறை பக்கத்து வீட்டு அக்காவுக்கு. உங்களுக்கு அவளை நினைவிருக்கும், கிளுவை வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. அவளும் அவளுடைய அம்மையும் மட்டும்தான். இருபத்திரண்டு வயது. என்னைக் குளிப்பாட்டியிருக்கிறாள், பேன் பார்த்திருக்கிறாள், ஆபீசிலிருந்து வந்ததும் வேலிக்கு மேலாக எட்டிப்பார்த்து, "மக்கா, கஞ்சி குடிச்சியா?" என்று கேட்பாள். மாசி மாதம் மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைக்குப் போன இடத்தில் தக்கலைக்காரி ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டு, தன் மகனுக்கு என்று மனசில் குறித்துக்கொண்டாள். மகன் தையல் கடை வைத்திருந்தான். சித்திரை கடைசியில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்காவின் அம்மை ஓடிவந்து எங்கள் அம்மையிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான்.

"எனக்க பிள்ளைக்க கைய ஒண்ணு வெளுத்துத் தா."

"அதுக்கென்ன, வாற திங்கக்கெழம பீலிங்ல இருத்திருகேன்" என்று அம்மை சொன்னாள்.

சனிக்கிழமை நான் பச்சை அண்டியைக் கடித்தேன்.

அதை எப்படிச் சொல்வது. நீங்கள் பார்த்தீர்கள். மூன்று அண்டியைப் பாவாடைக் கட்டில் சொருகியிருந்தேன். சுட்டுத் தின்ன வேண்டும் என்ற ஆசை, வேறொன்றும் இல்லை. நாலாவது கையில் இருந்தபோது சிஸ்டர் வந்துவிட்டார்கள், நேராக என்னைப் பார்த்து. நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன். சிஸ்டர் என் தலையில் கை வைத்தார்கள்.

"நம்ம டவுன் ஸ்கூல் ஆஸ்டல்ல இந்த ஊருக்கு ஒரு இடம்தான் இருக்கு. உன் பேரைத்தான் எழுதியிருக்கு. நல்ல பிள்ளையாட்டு இருப்பேன்னு நான்தான் எழுதிக் குடுத்தது. திங்கக்கெழம அம்மையைக் கூட்டிட்டு வா, ஒப்பு போடணும். கேட்டியா?"

வாயில் அண்டி. பதில் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினேன். சிஸ்டர் விடவில்லை, "சந்தோசம்தானே?" என்று கேட்டார்கள். சந்தோஷத்தில்தான் கடித்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. எண்ணெய் பீச்சி உதடு, நாக்கு, மோவாய் எல்லாம் தீப்பட்டது போல எரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். வெட்கப்பட்டு ஓடுகிறாள் என்று சிஸ்டர் சிரித்தார்கள். ஓடும்போது உங்களைத் திரும்பிப் பார்த்து, சொல்லாதீர்கள் என்று கண்ணைக் காட்டினேன். நீங்கள் சொல்லவில்லை. உங்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அண்டி ஆபீஸ் மேஸ்திரியின் மகள் பச்சை அண்டியைப் பல்லால் கடித்தாள் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

அக்கா அன்று மதியமே ஆபீசிலிருந்து வந்துவிட்டிருந்தாள். கிணற்றடியில் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். வெள்ளம் விடக்கூடாது, தண்ணீர் பட்டால் பரவும் என்று சொல்லி, தேங்காயைத் துருவிப் பாலெடுத்து, துணியில் நனைத்து ஒற்றினாள். அந்தக் கறுத்த விரல்கள் உதட்டில் படும்போது மரப்பட்டை உரசுகிற மாதிரி இருக்கும். அத்தனை சொரசொரப்பான கை அவ்வளவு மெதுவாகத் தொடும் என்று நான் அதற்கு முன் கவனித்ததில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஆஸ்டல் இடம், சிஸ்டர் சொன்ன 'நல்ல பிள்ளை', பாவாடைக் கட்டில் மிச்சம் இருக்கிற மூன்று அண்டி, எல்லாம். "ஐயோ கள்ளி" என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஏனென்றால் அம்மை வாசலில் வந்து நின்றாள்.

அம்மை என் மோவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். பாவாடைக் கட்டைத் தடவி மூன்று அண்டியையும் வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள், முகர்ந்தாள்.

"எங்கேருந்துட்டி?"

நான் துணியை உதட்டில் அழுத்திக்கொண்டேன். பேச உதடும் இல்லை. அம்மை ஈர்க்குமாற்றைக் கையில் எடுத்தாள். "மடத்துத் தோட்டத்துல களவாண்டியா? சிஸ்டருக்கு நான் என்ன பதில் சொல்லட்டு? ஒனக்கு ஆஸ்டலும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது, இங்கயே கெடந்து நீயும் அண்டி உடை." ஆஸ்டல் விஷயம் அவளுக்கும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது.

"நான் குடுத்தேன், மேஸ்திரியக்கா" என்று அக்கா சொன்னாள். "பிள்ள கேட்டுது, குடுத்தேன். கடிச்சிரும்னு நெனைக்கல்ல."

அம்மை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவின் வீட்டில் இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும்தான். கொல்லாமரம் கிடையாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"ஒனக்கு எங்கேருந்து கெடச்சு? ஆபீஸ்லேருந்தா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், இல்லை அம்மை, மடத்திலிருந்துதான் என்று. அந்த வார்த்தைக்கு எரிகிற உதடு ஒரு தடையே இல்லை. அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "ஆமா" என்றாள். பக்கத்து வீட்டுக்காரிதானே, இரண்டு வசவு வைதுவிட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பாள்.

அம்மை வையவில்லை. ஈர்க்குமாற்றைக் கீழே போட்டாள். அந்த மூன்று அண்டியையும் அடுப்பில் எறிந்தாள். அவை வெடித்து எரிந்தன. "நீ வீட்டுக்குப் போ" என்று அக்காவிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை பீலிங்கில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். அக்காவின் அம்மை வந்து அழுதபோது அம்மை சொன்னதை நான் அடுக்களையில் நின்று கேட்டேன். "ஆபீஸ் சாதனத்தக் களவா எடுக்கியவள எப்பிடிப் பீலிங்ல இருத்துகது? அங்க பூரா உடைச்ச பருப்புல்லா கெடக்கு. நான் மேனேஜருக்கிட்ட சொல்லாம இருக்கேனே, அதை நெனச்சுக்க." நியாயமான பேச்சு. ஆபீஸ் வாசலில் தினமும் சாயங்காலம் ஒவ்வொருத்தியும் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வரமுடியும். அப்படிப்பட்ட இடத்தில் களவு என்ற பேச்சு வந்தால் வேலையே போய்விடும். அம்மை அவளுக்கு நல்லது செய்கிறாள் என்றுகூட அன்று நினைத்தேன்.

அதே திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அம்மை என்னை மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிஸ்டர் என் உதட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். "அடுத்த வீட்டுப் பெண்ணு குடுத்த அண்டி, சிஸ்டர். பிள்ளைக்கு அறிவில்ல" என்று அம்மை சொன்னாள். சிஸ்டர் உச்சுக்கொட்டிவிட்டுப் பேனாவைக் கொடுத்தார்கள். அம்மை ஒப்பு போட்டாள். வரும் வழியில் எனக்கு நாரங்காமிட்டாய் வாங்கித் தந்தாள். உதடு எரிந்ததால் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன், அது உருகிப்போயிற்று.

அந்த வாரம் முழுக்க, ஆபீஸ் விட்டு வந்ததும் அக்கா வேலியோரம் வந்து நிற்பாள். "வாய் ஆறிச்சா மக்கா?" என்று கேட்பாள். நான் தலையாட்டுவேன். "காட்டு" என்பாள். காட்டுவேன். "ஆறிட்டு வருகு" என்பாள். போகமாட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள். எங்கள் அம்மை உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். நான் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டு கிளுவை இலையைக் கிள்ளுவேன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ அவள் வரவில்லை. புண் ஆறிவிட்டதால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்படியெல்லாம் நினைத்துக்கொள்ளப் பத்து வயதில் எவ்வளவு சாமர்த்தியம் இருந்திருக்கிறது பாருங்கள்.

பிறகு அவள் கையை அவளே வெளுக்கப் பார்த்தாள். எலுமிச்சைத் தொலி, புளி, மண்ணெண்ணெய், கடைசியில் செங்கல் பொடி. உடைப்பில் பகல் முழுக்க ஏறுகிற கறையைச் சாயங்காலம் தேய்த்து எடுப்பது நடக்கிற காரியமா. தோல்தான் போயிற்று, கறுப்பு போகவில்லை. பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மை அவர்கள் வீட்டுக்குப் போனாள். அந்த மாதத்தில் அவள் வேலியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு கிண்ணம். அவளே பறித்து, அவளே அம்மியில் அரைத்த மருதாணி.

"ரெண்டு கையிலும் கட்டியா இட்டு விடு. செவப்புக்குள்ள கறுப்பு தெரியாது" என்று அக்காவின் அம்மையிடம் சொன்னாள். தான் மறுத்த உபகாரத்துக்குப் பதிலாக வேறொரு உபகாரம். அம்மையின் முகத்தில் அன்று பல நாளுக்குப் பிறகு ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று கிண்ணத்தின் அடியில் மிச்சம் இருந்ததை எடுத்து என் சுண்டுவிரலிலும் வைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். ரசகதலிப் பழமும் முறுக்கும் தட்டில் இருந்தன. அக்கா பச்சைச் சேலையில் காப்பித் தம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். தக்கலைக்காரி அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பினாள். பெண் பார்க்கிற அன்றைக்கு எந்த ஊரில் பெண்ணுக்கு முழங்கை வரை மருதாணி இடுகிறார்கள்? கட்டைவிரலால் அக்காவின் ஆள்காட்டி விரல் நுனியை மெதுவாகத் தேய்த்தாள். வெடிப்புக்குள் சிவப்புக்குக் கீழே கறுப்பு இருந்தது. கையை விட்டாள். காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்தாள்.

சொல்லி அனுப்பவில்லை. கேட்டுவிட்டு வரப்போன தரகர்தான் வந்து சொன்னார். தக்கலைக்காரி சொன்னதாக அவர் சொன்னது இது. "அண்டி ஆபீஸ் கையின்னா எனக்குத் தெரியாதா? நானும் கல்யாணத்துக்கு முந்தி அஞ்சு வருசம் உடைச்சவதான். கறுத்த கையோட வந்து நின்னிருந்தா அப்பவே வெத்தல மாத்தியிருப்பேன். மறைச்ச வீடு எனக்கு வேண்டாம்."

இதை அம்மையிடம் அக்காவின் அம்மை வந்து சொன்னபோது அம்மை அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்துகொண்டே இருந்தாள். மூன்று தண்ணீருக்குக் களைகிறவள் அன்று ஏழெட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

வைகாசி கடைசியில் நான் ஆஸ்டலுக்குப் போனேன், தகரப்பெட்டியும் பாயுமாக. அக்கா பஸ் நிறுத்தம் வரை வந்தாள். என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தது அவள்தான். மருதாணி அப்போது நகத்தில் மட்டும் மிஞ்சியிருந்தது.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆஸ்டல், பிறகு நர்சிங், பிறகு மஸ்கட். ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள், ஒருவன் கனடாவில். அந்த ஒரே இடம் எனக்குக் கிடைத்திராவிட்டால் அடுத்த வருடம் அம்மை சொன்னது போல நானும் அண்டி உடைக்கத்தான் போயிருப்பேன். நம் வகுப்பில் பாதிப் பெண்கள் போனார்கள், இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவுக்கு அப்புறம் மூன்று இடம் வந்தது. மறைச்ச வீடு என்ற பேச்சு ஒவ்வொரு இடத்துக்கும் அவர்களுக்கு முன்னால் போய்விட்டது. முப்பத்தைந்து வயதோடு கேட்பது நின்றது. அவளுடைய அம்மை போன பிறகு தனியாகத்தான் இருந்தாள். ஆபீசை மூடுகிறவரைக்கும் உடைப்பிலேயே இருந்தாள். அம்மை மேஸ்திரியாக இருந்தவரை ஒருநாளும் அவளைப் பீலிங்குக்கு மாற்றவில்லை. கல்யாணம் இல்லாதவளுக்கு எதற்கு மாற்றம் என்று விட்டிருப்பாள், அல்லது அவள் முகத்தைப் பார்த்து அந்தப் பேச்சை எடுக்க முடியாமல் விட்டிருப்பாள்.

நான் ஒவ்வொரு லீவுக்கும் அவளுக்கு ஒரு கைக் கிரீம் கொண்டுபோவேன். ரோசாப்பூ படம் போட்ட டியூப். இதைவிடக் கேவலமான ஒரு பரிசு உலகத்தில் இருக்க முடியுமா என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. வாங்கிக்கொள்வாள், "கொள்ளாம், நல்லாருக்கு" என்பாள். அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள், ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

அம்மை இறந்து இப்போது மூன்று வருடம். சென்ற மாசியில் மண்டைக்காட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி அக்கா வீட்டுக்குப் போனேன். எழுபத்தெட்டு வயது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முறத்தில் பயறு பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளைப் பார்த்தேன். ஆபீஸ் மூடிப் பல வருடம் ஆகிவிட்டதல்லவா, கறுப்பெல்லாம் உரிந்துபோய், சுருக்கம் விழுந்து, குழந்தை கை மாதிரி வெளுத்து இருந்தது. எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. தம்ளரில் வெள்ளம் கொண்டுவந்து தந்தாள். குடித்துவிட்டு, ஐம்பத்தைந்து வருடமாக வைத்திருந்ததைச் சொன்னேன். அந்த அண்டி மடத்து அண்டி, உனக்காக நான் வாய் திறக்கவில்லை, என்னால்தான் உன் கல்யாணம் போயிற்று என்று.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "மடத்து அண்டின்னு எனக்குத் தெரியாதா? நீதானே கெணத்தடியில இருந்து சொன்ன."

"அம்மைகிட்டயாவது நான் சொல்லியிருக்கணும் அக்கா. அம்மைக்குத் தெரிஞ்சிருந்தா உன்ன மாத்தியிருப்பா."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. இத்தனை படித்தும் இது தெரியவில்லையா என்பது போல ஒரு பார்வை.

"ஆபீஸ்ல நாங்க உடைக்கியது வறுத்த அண்டில்லா மக்கா. கரிக்கட்ட மாதிரி இருக்கும். ஒனக்க மடியில இருந்தது பச்சை அண்டி, அண்ணு மரத்துலேருந்து விழுந்தது. ஒனக்க அம்மை பதினெட்டு வருசம் மேஸ்திரி. கையில வச்சு உருட்டுனா, மோந்து பாத்தா. அவளுக்குத் தெரியாதா?"

அன்று நடந்தது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. உள்ளங்கையில் உருண்ட மூன்று அண்டி. அடுப்பில் அவை வெடித்த சத்தம். ஏழெட்டுத் தண்ணீர் கண்ட அரிசி. இத்தனை வருடம் நான் ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்த அம்மை, பார்த்த உடனேயே தெரிந்துகொண்டு, எது தன் மகளுக்கு நல்லதோ அந்தப் பொய்யைக் கையில் எடுத்துக்கொண்டாள். களவு என்று ஒப்புக்கொண்டவளைப் பீலிங்கில் இருத்தினால் அந்தப் பொய் நிற்காது. மடத்தில் எடுத்தது நான்தான் என்பது சிஸ்டர் காதுக்கு எப்படியும் போய்விடும். அதற்காக அந்தப் பொய்க்குத் தகுந்த தண்டனையையும் கொடுத்தாள்.

"அம்மை ஒன்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லியா?"

"சொன்னதில்ல. சாவுகதுக்கு ஒரு மாசம் முந்தி, கம்பை ஊணிட்டு இங்க வந்தா. அந்தா, அந்தப் படியில இருந்தா. எனக்க ரெண்டு கையையும் எடுத்து மடியில வச்சுக்கிட்டு திருப்பித் திருப்பிப் பாத்தா. 'இப்பம் நல்லா வெளுத்திட்டே' இண்ணா. நானும் ஆமா இண்ணேன். பெறவு எந்திரிச்சுப் போனா."

அவள் மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் உண்டா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டால் இல்லை என்று சொல்வாள், அதை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடலாம் என்ற பழைய சாமர்த்தியம்தான் அது. அக்கா இல்லை என்று சொல்லவில்லை.

"உங்க அம்மை மேல இல்ல. அவ பெத்தவ, அவ பிள்ளைய அவ பாத்தா. ஒன் மேலதான். ஒரு வாரம் வேலிக்கல வந்து நிண்ணேன், ஓர்மை இருக்கா? வாய் ஆறிச்சான்னு தெனமும் வந்து கேக்கதுக்கு எனக்கு வேற சோலி இல்லியா? நீ சொல்லுவேன்னு நெனச்சேன். சின்னப் பிள்ளதானே, பயமும் பேடியும் மாறுனதும் சொல்லும்னு நெனச்சேன்."

இதைச் சொல்லிவிட்டுப் பயற்றில் கிடந்த ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. கிளம்பும்போது மட்டும் நில் என்று சொல்லி உள்ளே போனாள். ஒரு பிளாஸ்டிக் பையில் கொல்லாம்பழம் கொண்டுவந்தாள், யாரோ கொடுத்ததாம், சிவப்பும் மஞ்சளுமாகப் பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"அண்டியெல்லாம் பிச்சு எடுத்திட்டேன்" என்றாள். "பேடிக்காம தின்னு."

அங்கேயே வாசலில் நின்று ஒன்றைத் தின்றேன். தொண்டை கரகரத்தது, சேலையில் சாறு வடிந்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது விருந்தா தண்டனையா என்று இன்றுவரை தெரியவில்லை, ஆனால் முழுக்கத் தின்று முடித்தேன்.

அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள். முட்டுவலி அதிகம், வேலி வரை நடந்து வருவதற்கே பாடுபடுகிறாள். நான் நாகர்கோவிலில் இருக்கிறேன், மாதம் ஒருமுறை போகிறேன். அது போதாது. காலையில் ரோசாப்பூ போடுகிற நண்பா, அன்று மரத்தடியில் எனக்குப் பக்கத்தில் நின்றது நீதான். உன் வீட்டிலிருந்து அவள் வீடு நடக்கிற தூரம்தான்.